தார்ன்கோம் சீமாட்டியின் நீலப் பட்டு கவுன்

ஒரு குடும்பத்தின் பெருமையை அதன் சுவர்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த வகையில் இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரின் தார்ன்கோம் மாளிகை மனித குலத்துக்கே ஒரு பாடம். தார்ன்கோம் ஆண்கள் ஒவ்வொருவருக்கும் அங்கே ஆளுயர ஓவியம் தனித்தனியாக இருந்தது. அவர்களுடைய நாய்களுக்கும் பித்தளைத் தகட்டில் பெயரோடு தனித்தனியாக இருந்தது. மனைவிமார்களுக்கு மட்டும் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று.

இதைக் கஞ்சத்தனம் என்பவர்கள் கலை அறியாதவர்கள். நீலப் பட்டு கவுன், முத்துமாலை, கையில் ஒரு பீச் பழம். ஒரு சீமாட்டிக்கு வேண்டியதெல்லாம் அந்த ஓவியத்தில் ஏற்கெனவே இருந்தது. புது மருமகள் வந்ததும் ஓவியர் ஒருவரை வரவழைத்துப் பழைய முகத்தின் மேலேயே புது முகத்தை வரையச் சொல்வார்கள். கவுன் வீணாகவில்லை. சுவரில் இடம் கேட்டு மாமியாரும் மருமகளும் சண்டை போட்டதாக அந்த வீட்டு வரலாற்றிலேயே இல்லை.

இந்த மரபின் இன்றைய காவலர் சர் பார்னபி. மென்மையான மனிதர். சாப்பாட்டு அறைக் கூரை ஒழுகித் தன் தட்டில் சொட்டும்போதுகூட, "பாத்தியா பிலிப்பா, நம்ம வீட்டு சூப் மட்டும் குறையவே மாட்டேங்குது" என்று மனைவியிடம் பெருமைப்படுவார்.

ஆனால் போன மார்கழிப் பனியில் கூரையின் ஒரு மூலையே சரிந்து விழுந்தது. இனி ஓவியங்களை ஏலம் விட்டால்தான் வீடு நிற்கும். கனத்த மனத்தோடு சம்மதித்தார், நாய்களின் ஓவியங்களைத் தவிர.

"டிரம்பரை விக்கிறதா? அவன் இடது காதுல கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒண்ணு இருக்கும், கவனிச்சிருக்கியா?" என்று மனைவியைக் கேட்டார்.

ஏலக் கம்பெனியிலிருந்து திரு. குவென்னல் வந்தார். ஆண்களின் ஓவியங்கள் முன்னால் "ம்" என்றார். நீலக் கவுன் முன்னால் தொப்பியைக் கழற்றினார்.

"சர் பார்னபி, இது பொக்கிஷம். அந்தப் பட்டு மடிப்பைப் பாருங்க! அந்தப் பழத்தைப் பாருங்க! முகம்தான்..."

"முகத்துக்கு என்ன?"

"பிற்காலச் சேர்க்கை."

பிற்காலச் சேர்க்கை அப்போது அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"அது நான்தான்" என்றாள் பிலிப்பா.

"ரொம்ப சந்தோஷம், மேடம். எனக்குச் சர்க்கரை வேண்டாம்."

அடியில் இருப்பது பழைய முகம், பழையதற்கு விலை அதிகம், மேலே இருப்பதைத் துடைத்துவிட்டால் கூரை முழுவதையும் மாற்றிவிடலாம் என்று அவர் விளக்கினார்.

பிலிப்பா தேநீர் ஜாடியைக் கீழே வைத்தாள். "பார்னபி, இந்த வீட்டுல என்னோடதுன்னு இருக்கறது அந்த மூஞ்சி ஒண்ணுதான். ஒரு குளிர்காலம் பூரா அந்த ஜன்னலோரம் விறைச்சுப்போய் உக்காந்திருந்தேன். அதைத் தொடாதே."

சர் பார்னபி நடுநிலையோடு சிந்தித்தார்.

"ஆனா கண்ணு, நீதான் நேர்லயே இருக்கியே! அம்மாவைத்தான் பாத்து ரொம்ப நாளாச்சு."

பிலிப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குவென்னல் வண்ணத்தைக் கரைக்கும் மருந்தில் பஞ்சை நனைத்தார். ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் பிலிப்பா போய், மாமியார் வந்துவிட்டார்.

"அம்மா! அதே முறைப்பு!"

"இன்னும் கீழே போகலாமா, சர் பார்னபி?"

"போங்க, போங்க. அம்மா இப்படிப் பாத்தா எனக்குச் சாப்பாடு இறங்காது."

அதற்கு முந்தைய சீமாட்டி வந்தாள். பிறகு அவளுக்கும் முந்தையவள். ஒவ்வொருத்தியும் ஜன்னல் வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பஞ்சில் ஏறிக் குப்பைக் கூடைக்குப் போனாள். கடைசியில் ஒரு வெற்று நீள்வட்டம் வந்தது. அதற்குக் கீழே துணிதான்.

குவென்னல் தொண்டையைச் செருமினார். "அந்தக் காலத்துல கவுன், கை, பழம் எல்லாம் முன்கூட்டியே வரைஞ்சு வெச்சுக்கிட்டு, வாங்கறவங்க வந்ததும் முகத்தை மட்டும் வரைவாங்க. உங்க முன்னோர் முகம் வரையச் சொல்லாமலே வாங்கிட்டார்போல. முகத்துக்குத் தனிக் கூலி."

சர் பார்னபியின் கண்கள் கலங்கின. "பாத்தீங்களா! ஆரம்பத்துலேருந்தே சிக்கனம்!"

ஏலப் பட்டியலில் குவென்னல் இப்படி அச்சிட்டார்: "முகத்தின் குறுக்கீடு ஏதுமற்ற அரிய சீமாட்டி ஓவியம்."

ஏலம் மாளிகைப் புல்வெளியில், கூடாரத்துக்குள் நடந்தது. பிஸ்கட் ஆலை அதிபர் பிக்கர்ஸ்கில் முதல் வரிசையிலிருந்து கையை இறக்கவே இல்லை. "பாரு, முகத்துக்கு இடம் விட்டே வெச்சிருக்காங்க" என்று தன் மனைவியின் விலாவில் இடித்தார். "மரியாதைன்னா என்னன்னு இவங்ககிட்டதான் கத்துக்கணும். உனக்கு அளவெடுத்த மாதிரியே இருக்கு!"

திருமதி பிக்கர்ஸ்கில் தன் கன்னத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் பிலிப்பா, மேல்கோட்டும் சின்னப் பெட்டியுமாக, கணவரின் காதருகே குனிந்தாள்.

"பார்னபி, நேர்ல இருக்கறதை நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

விலை ஏறிக்கொண்டிருந்தது. "சரிம்மா" என்றார் சர் பார்னபி, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்கோ."

அவ்வளவு கரிசனமான கணவர்.

சுத்தியல் விழுந்தது. கூரை பிழைத்தது. புது ஓடுகள் போட்டு முடித்து, முதல் மழை பெய்த அன்று, தன் தட்டில் சூப் குறைந்துகொண்டே வருவதை சர் பார்னபி கவனித்தார். திடுக்கிட்டுத் தலையைத் தூக்கியவர், எதிர் நாற்காலி காலியாக இருப்பதையும் கவனித்தார். உடனே போலீசுக்குத் தொலைபேசினார். அவர் கடமையில் தாமதிக்கிறவர் அல்ல.

இன்ஸ்பெக்டர் வந்து ஈரத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம் எப்படி இருப்பாங்க, ஐயா?"

"நீலப் பட்டு கவுன். கழுத்துல முத்து. கையில ஒரு பீச் பழம்."

"முகம்?"

சர் பார்னபி சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஓவியம் இருந்த இடத்தில் வெளுத்த நீள்சதுரம்தான் இருந்தது. பக்கத்து ஓவியத்தில் டிரம்பர், இடது காதில் வெள்ளைப் புள்ளியோடு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் என்றைக்கும் இருந்ததில்லை.

"அது அப்பப்ப மாறும், இன்ஸ்பெக்டர்."