மாடியில் பச்சை வெளிச்சம்

இந்த முறை முத்திரை குத்துவதில்லை என்று தொகுஜி முடிவு கட்டிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவராக எடுத்த முதல் முடிவு அது. ஜப்பானில் அந்தக் குன்மா பக்கத்து ஆண்களுக்கு முடிவெடுக்கிற பழக்கம் கிடையாது. அங்கே பட்டுப்புழு வளர்த்துக் காசு பார்த்தவர்கள் பெண்கள். காசு இருந்த பக்கமே குரலும் இருந்தது. ஆண்கள் தலையாட்டினார்கள், மூட்டை தூக்கினார்கள், தட்டில் விழுந்ததைத் தின்றார்கள். ஆனால் கையெழுத்துக்குப் பதில் குத்துகிற அந்தச் சின்னக் கட்டை முத்திரை மட்டும் தொகுஜியின் இடுப்பில் இன்னும் பத்திரமாக இருந்தது. குளிக்கப் போனால்கூட அதைக் கையோடு கொண்டுபோவார்.

விஷயம் இதுதான். அவர் மனைவி யசுயோ வீட்டு மாடியில் புது மாதிரிப் பட்டுப்புழு வளர்க்க ஆசைப்பட்டாள். அதற்கான தாளில் அவர் முத்திரையும் வேண்டியிருந்தது. ஜெல்லி மீனின் மரபணுவை எடுத்து உள்ளே வைத்த புழு. அது நூற்கிற பட்டின் மேல் நீல விளக்கை அடித்தால் பச்சையாக ஒளிரும். அந்த மாடியில்தான் தொகுஜி சாயங்காலமானால் ஷோச்சுச் சாராயத்தோடு ஒதுங்குவார். உலகத்திலேயே அவருக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. அந்தப் புழுவை நினைத்தாலே அவருக்குக் குலை நடுங்கியது.

"மீன் பாதி புழு பாதியா ஒரு ஜென்மம் என் வீட்டுக்குள்ள வரக்கூடாது, யசுயோ."

"அதோட கூட்டுலேர்ந்து நோய் கண்டுபிடிக்கிற மருந்து எடுக்குறாங்களாம். எத்தனை பேருக்கு உபகாரம்! விலையும் நல்ல விலை."

"தப்பிச்சு வெளியே போயிட்டா?"

"எங்கே போகும்? வீட்டுல வளர்க்குற பட்டுப்பூச்சிக்குப் பறக்கவே தெரியாது. வாய்க்கிட்ட இலையைக் கொண்டுபோய்ப் போட்டாத்தான் தின்னும். போட்ட இடத்துலயே கிடக்கும். முப்பது வருஷமா அப்படி ஒண்ணை வெச்சுக் காப்பாத்திக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"காட்டுப் பட்டுப்பூச்சியோட சேர்ந்துட்டா? அப்புறம் மலை பூராவும் பச்சை பச்சையா மின்னும். யார் பதில் சொல்றது?"

இதற்கு மட்டும் யசுயோ சிரிக்கவில்லை. "அது நியாயமான பயம்தான். பட்டு வளர்க்குறவங்க சங்கத்துலயும் அதையேதான் சொல்றாங்க" என்றாள். பிறகு சந்தையில் மீன் பார்ப்பது மாதிரி அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"எப்படியும் நான் முத்திரை குத்த மாட்டேன்."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க'தான் அவருக்குப் பிடிக்கவில்லை. யசுயோ கத்தினால் ஆபத்தில்லை. தட்டை எறிந்தாலும் குனிந்துகொள்ளலாம். அவள் சரி என்றால் எங்கேயோ ஏதோ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அவள் முந்திக்கொள்வதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்று தொகுஜி நினைத்தார்.

செத்தவர்கள் வீடு திரும்பும் ஓபோன் நாட்கள் தொடங்கியிருந்தன. வெள்ளரிக்காய்க்குக் குச்சிக் கால் குத்திக் குதிரையாக்கி வாசலில் நிறுத்தியாயிற்று. போனவர்கள் அதில் ஏறிச் சீக்கிரம் வந்து சேரவேண்டும். தொகுஜியின் அம்மா இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. வாழ்நாளெல்லாம் அந்த மாடியில் புழு வளர்த்தவள். யசுயோ யாருக்காவது பயந்தாள் என்றால் அது அந்த மாமியாருக்குத்தான்.

சங்கத்தில் வீட்டுக்கு வீடு மாதிரிக்கென்று ஒரு பிடி ஒளிர்பட்டும் ஒரு நீல டார்ச்சும் கொடுத்திருந்தார்கள். தொகுஜி அம்மாவின் பழைய கிமோனோவை மாடி ஆணியில் தொங்கவிட்டார். கழுத்துக்கு மேலே அந்தப் பட்டு நூலை முடி மாதிரி பரப்பினார். அடுக்கி வைத்திருந்த பழைய புழுத்தட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் யசுயோ காகித லாந்தர் எடுக்க மேலே வந்தாள். டார்ச்சை அமுக்கினார். இருட்டில் முகமில்லாத ஒரு பச்சைத் தலை மெல்லக் கண்விழித்தது. செய்தவருக்கே முதுகு சில்லிட்டது.

யசுயோ அப்படியே மண்டியிட்டுத் தரையில் நெற்றி படக் கும்பிட்டாள்.

"வாங்க அத்தை. வழியெல்லாம் சௌகரியமா?"

"ஆ...மா..."

"ரொம்ப இளைச்சுட்டீங்களே."

இந்த விசாரிப்புக்குத் தொகுஜி தயாராக வரவில்லை. "புழு... வேண்டா...ம்" என்று முனகினார்.

"எந்தப் புழு அத்தை? வேலை செய்யுற புழுவா, சும்மா கிடக்குறதா?"

"அந்தப் பச்சைப் புழு!"

"சரிங்க அத்தை. நீங்க சொன்னா மறுபேச்சு ஏது. ஒரே ஒரு சந்தேகம். பூஜைக்குன்னு வாங்கி வெச்ச சாராயம் பாதிக்கு மேல காணோம். அங்கேயிருந்து பார்த்தா எல்லாம் தெரியுமாமே, யாரு குடிச்சது?"

தொகுஜி தட்டுகளுக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டார்.

"பூ...னை."

"பூனைக்கு மூடி திறக்கத் தெரியுமா?"

"மரபணு மாத்தின... பூ...னை."

யசுயோ மறுபடி கும்பிட்டுவிட்டு லாந்தரோடு கீழே இறங்கிப் போனாள். போகும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தொகுஜி நினைத்தார். பாவமாகக்கூட இருந்தது. முப்பது வருஷத்தில் முதல் முறையாக ஜெயித்தவருக்குத் தாராளமாக இரக்கம் வரும். மீதிச் சாராயத்தையும் அன்றைக்கே பூனை முடித்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் யசுயோ வெளியே கிளம்பினாள். "வீட்டைப் பார்த்துக்குங்க. அத்தை தனியா இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள்.

தொகுஜி வாசல் பக்கம் கால் நீட்டி விசிறிக்கொண்டிருந்தார். காற்றே இல்லை. மலை மேல் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. அப்போது மழை பிடித்துக்கொண்டது. சீரான, விடாத மழை. எதிர் வீட்டில் துணி காய்கிறதே என்று எட்டிப் பார்த்தார். துணி காய்ந்துகொண்டுதான் இருந்தது. வாசல் மண் வெள்ளையாக உலர்ந்து கிடந்தது. வானத்தில் மேகத் துணுக்குகூட இல்லை.

மழைச் சத்தம் மாடியிலிருந்து வந்தது.

அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆயிரக்கணக்கான சின்ன வாய்கள் இலை தின்கிற சத்தம் அது. தொகுஜி அந்தச் சத்தத்தில்தான் தூங்கி வளர்ந்தார். அம்மா போன பிறகு அந்த மாடியில் ஒரு புழுகூட இருந்ததில்லை. எழுந்து ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. காலோ மாடிப்படியில் ஏறியது. நீல டார்ச் அவர் கையில்தான் இருந்தது. அதை அவர் அமுக்கவில்லை.

ஆனால் மாடி முழுக்கப் பச்சையாக இருந்தது. காலித் தட்டுகளில் எல்லாம் கூடுகள். உத்தரத்தில் கூடுகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒளிர்ந்தது. நடுவில் கிமோனோ அப்படியே தொங்கிற்று. காற்றில்லாத மாடியில் அதன் ஒரு கை லேசாக அசைந்தது. சத்தம் மட்டும் ஓயவில்லை. தின்றன, தின்றன, தின்றுகொண்டே இருந்தன. தின்ன ஒரு இலைகூட அங்கே கிடையாது.

"தொகுபோ..."

சின்ன வயதில் அம்மா மட்டும் கூப்பிட்ட பெயர் அது.

"இலை போடுடா தொகுபோ... பசிக்குது..."

தொகுஜி எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. செருப்பில்லாமல் ஊர் நடுவே ஓடினார். சங்கத்துக் கட்டடத்தில் விளக்கு எரிந்தது. உள்ளே சங்கத்து ஆள் சுனாகா ஒரு தாளை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் யசுயோ. மேஜை மேல் மூன்று கோப்பைத் தேநீர். மூன்றாவது கோப்பையில் இன்னும் ஆவி பறந்தது.

"குடுடா சுனாகா! எங்கே குத்தணும்? புழு வரட்டும்! எத்தனை வேணும்னாலும் வரட்டும்! அம்மா பசியோட இருக்கா!"

"இங்கே அண்ணே. இன்னும் கொஞ்சம் அழுத்தி."

குத்திவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். யசுயோ கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க வர்ற நேரம் ஆச்சேன்னு ஊத்தி வெச்சேன். குடிங்க, ஆறிடும்."

தொகுஜியின் கை பாதி வழியில் நின்றது. "நீயா?"

"வெறுங்கூடு ரெண்டு கூடை, சங்கத்துப் பெரிய நீல விளக்கு. அந்தத் தின்னுற சத்தம் செல்போன்ல இருந்தது. அவ்வளவுதாங்க."

"அம்மா குரலை எப்படிடி பிடிச்சே? தொகுபோன்னு கூப்பிட்டுச்சே?"

யசுயோவின் விசிறி நின்றது. அவள் சுனாகாவைப் பார்த்தாள். சுனாகா அவளைப் பார்த்தான்.

"நான் குரல் எதுவும் வெக்கலியே" என்றாள் மெதுவாக.

அவள் பொய் சொல்லும்போது இடது புருவம் உயரும். அன்றைக்கு அது உயரவில்லை. வெளியே பூச்சிகள் கத்துவதும் நின்றுபோயிருந்தது. சுனாகாதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தாளை மடித்தான்.

"அப்ப நாளைக்கே படுக்கையை மாடிக்குக் கொண்டுபோயிடுங்க அண்ணே. கூடு கட்டி முடிக்கிற வரைக்கும் நீங்க மாடியில நாங்க கட்டுற வலைக்குள்ளேயேதான் இருக்கணும்."

"நானா? நான் வீட்டுக்காரன்னு சம்மதம்தானே குடுத்தேன்?"

"சம்மதத்துக்கு வளர்க்குறவங்க முத்திரை போதும். அதை அண்ணி போன மாசமே போட்டுட்டாங்க. நீங்க குத்துனது காவலாளுக்கு. ஒரு புழு, ஒரு பூச்சி வெளியே போகாம ராத்திரி பகலா பக்கத்துலயே இருந்து பார்த்துக்குறவருக்கு."

தொகுஜி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். அந்தப் பச்சை மாடியில், அந்தச் சத்தத்தில், அந்தக் கிமோனோவுக்கு அடியில் படுப்பதை நினைத்துப் பார்த்தார். வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னால முடியாது, யசுயோ. உண்மையைச் சொல்றேன், எனக்குப் பயமா இருக்கு. சத்தியமா ரொம்பப் பயமா இருக்கு."

யசுயோ அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"தெரியுமுங்க. இந்த மாவட்டத்துலயே புழு தப்பிச்சுடுமோன்னு உங்களைவிடப் பயந்த ஆள் யாரும் இல்லைன்னு சங்கத்துல சொல்லித்தானே நம்ம வீட்டுக்கு இந்தப் புழுவையே வாங்கினேன்."