உழவாரன் நம் வீட்டு மாப்பிள்ளை அல்ல

என்னோடு பிறந்த ஒரே ஆண்பிள்ளையான தம்பிக்கு உன் அக்காள் எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள், உன் ரத்தக்கொதிப்பு மட்டும் சுகமாக இருக்காது என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சுகம். என் கழுத்து மட்டும் அண்ணாந்தபடியே நின்றுவிட்டது, காரணம் கீழே வருகிறது. போனில் சொல்லலாம் என்றால் நான் "அது வந்து" என்பதற்குள் நீ கத்த ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. ஆகையால் ஓரிடத்தில் உட்கார்ந்து கடைசிவரை படி.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்துப் பேச இங்கே வரவேண்டாம். உழவாரன் என்பவன் ஆள் இல்லை, பறவை.

போன வாரம் நீ இங்கே வந்திருந்தபோது என் பேத்தி பால்கனியில் நின்று தோழியோடு போனில் பேசியதை, செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒட்டுக் கேட்டாய் அல்லவா? "உழவாரன் இன்னைக்கும் வந்தான்டி, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிட்டான். அவன் எங்கேயும் நிக்க மாட்டான், சாப்பாடு தூக்கம் எல்லாம் வெளியிலயேதான். ஒரே ஒரு போட்டோ கிடைச்சா போதும், செகரட்டரி கையில கொடுத்து விஷயத்தை முடிச்சுடுவேன்" என்று அவள் சொன்னாள். நீ உடனே என் மகன் காதில் போய், "மருமகனே, வீடு வாசல் இல்லாத பயல் ஒருத்தன், போட்டோ வரைக்கும் போயாச்சு" என்று ஓதிவிட்டு ரயிலேறிவிட்டாய். அவன் அன்றைக்கே மகளின் கேமராவைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். நானும் சும்மா இருக்கவில்லை. பிள்ளை மனதுக்குப் பிடித்தவன் யாராக இருந்தாலும் விசாரித்து வைப்போம் என்று அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"பையன் நல்ல உயரமாடி?"

"உள்ளங்கை அளவுதான் பாட்டி."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. காட்டிக்கொள்ளவில்லை. "முகம் லட்சணமா இருக்குமா?"

"மூக்கு இருக்கறதே தெரியாது. வாயைத் திறந்தா முகம் பூரா வாய்தான்."

"அது நம்ம வீட்டுலயும் இருக்கறதுதான். கை கால் எல்லாம் நல்லா இருக்கில்ல?"

"கால் இருக்குன்னு பேரு, அவ்வளவுதான். நிக்க வராது."

தம்பி, நான் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. பேத்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "போகட்டும்டி, குணம் எப்படி, அதைச் சொல்லு" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அரிசி டப்பாவைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நம் கதவைத் தட்டினார்கள். அப்புறம்தான் புத்தகத்தில் படம் காட்டினாள். வெட்டிப் போட்ட நகம் மாதிரி வளைந்த இறக்கை, கரிக்கட்டை நிறம், தொண்டையில் ஒரு வெள்ளைப் பொட்டு. அதற்குத்தான் உழவாரன் என்று பெயர். பறவைக்கு இப்படி மீசை வைத்த பெயரை வைத்தால் வீட்டில் கலகம் வராமல் என்ன செய்யும்?

இந்த உழவாரன் ஜோடி எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில், படிக்கட்டு அறை வாசலுக்கு மேலே சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்தில் உள்ள இடுக்கில் குடும்பம் நடத்துகிறது. உள்ளே குஞ்சுகள் கீச்சிடுவது என் காதுக்கே கேட்கிறது. கட்டடத்துச் செயலாளருக்குக் கேட்கவில்லை. மழைக்கு முன்னால் எல்லா இடுக்கையும் சிமெண்டு வைத்து அடைக்கிறேன் என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்தவர், முந்தாநாள் கொத்தனாரையே கூட்டிவந்துவிட்டார். என் பேத்தி போய்ச் சண்டை போட்டதற்கு, "நானும் தினம் இங்கேதாம்மா நடக்கறேன், ஒரு ஈ கூட நுழைஞ்சு பார்த்ததில்லை. பறவை இருக்குன்னா போட்டோ காட்டு. சாயங்காலம் வரைக்கும் கொத்தனார் காத்திருப்பார்" என்று சொல்லிவிட்டார். காட்டாவிட்டால் குஞ்சுகள் உயிரோடு சமாதி. கேமராவோ பீரோவுக்குள். பறவை என்று சொன்னால் மகன் நம்பவில்லை, உன் மருமகன் அல்லவா? மகன் சாவியை எங்கே ஒளிப்பான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? எடுத்துக் கொடுத்துவிட்டு நானும் மாடியேறினேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், உட்கார்ந்திருக்கும் காக்காயைப் படம் பிடிப்பவன் எல்லாம் கேமராக்காரன் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாட்டுகிற வேலை பார்ப்பவள் என் பேத்தி, அவள் கையே தடுமாறியது. கேமராவை உழவாரன் பின்னால் திருப்பினால், அது அவனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவன் அடுத்த தெருவில் இருக்கிறான். முதலில் விழுந்த படங்களை நானே பார்த்தேன். வானம். மறுபடி வானம். வானத்தோடு தண்ணீர்த்தொட்டி. ஒன்றில் மட்டும் ஓரத்தில் பாதி மீசை மாதிரி ஏதோ இருந்தது. அதற்கே அவள் குதித்தாள். கொத்தனார் சட்டியைக் கிளறிக்கொண்டே, "அம்மா, கலவை இறுகுது" என்றார். "நீ கொஞ்சம் தண்ணி ஊத்து, எங்களுக்கு வயிறு இறுகுது" என்றேன்.

அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தோம். அவள் கேமராவை இடுக்குப் பக்கமே குறிவைத்து விரலைத் தயாராக வைத்திருப்பது, நான் வானத்தைப் பார்த்து அவன் வரும்போது குரல் கொடுப்பது. "வரான்" என்று கத்தினேன், அவள் அழுத்துவதற்குள் அவன் உள்ளே. அடுத்த முறை "வரா" என்றேன், படத்தில் வால் நுனி மட்டும் விழுந்தது. மொழியில் இவ்வளவு எழுத்து எதற்கு என்று அன்றைக்குத்தான் தோன்றியது. கடைசியில் "வ" என்று மட்டும் கத்த ஆரம்பித்தேன். நடுநடுவே ஆவல் தாங்காமல், "உழவாரன் உள்ள போயிட்டான்டி, உங்கப்பா வர்றதுக்குள்ள ஒரு தடவை வெளிய வரச் சொல்லு" என்றும் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. கீழ்வீட்டுத் தையல்காரர் அதைக் கேட்டுவிட்டு என் மகனுக்குப் போன் போட்டு, "உங்க பொண்ணு மாடியில எவனையோ ஒளிச்சு வச்சிருக்கு, உங்கம்மா காவல் நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டார்.

மகன் வந்த கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆபீஸ் செருப்போடு, கையில் விளக்குமாற்றோடு படிக்கட்டு அறைக் கதவை உதைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். "எங்கடி அவன்?" என்றான். சரியாக அந்த நேரம் வானத்திலிருந்து கறுப்பாக ஒன்று இறங்கியது. நான் "வ" என்றேன். அது அவன் காதை உரசிக்கொண்டு மேலே சாய, அவன் விளக்குமாற்றை ஓங்கியபடி வாயைப் பிளந்து நிற்க, பேத்தி அழுத்திவிட்டாள்.

படம் விழுந்தது தம்பி, கண்ணாடி மாதிரி விழுந்தது. இடுக்குக்குக் கீழே என் மகனின் வாய், பல்லெல்லாம் எண்ணிவிடலாம். அதற்குப் பக்கத்தில் விரித்த இறக்கையோடு உழவாரன். மாடியேறி வந்த செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "பறவை இருக்கு, ஒத்துக்கறேன். சார் எதுக்கு விளக்குமாறோட நிக்கறார்?" என்று கேட்டார். "வரவேற்க" என்றேன். குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்த இடுக்கைத் தொடக் கூடாது என்று கொத்தனாரிடம் அங்கேயே சொல்லிவிட்டார். என் மகன் கேமராவின் பையை எடுத்து மகள் தோளில் மாட்டிவிட்டான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான், என்றாலும் ஒற்றை எழுத்தால் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். நாலு பேரிடம் நீ உழவாரனைப் பற்றிச் சொல்லியிருப்பாய், அதே நாலு பேரிடம் இதையும் சொல். ரயில் டிக்கெட்டை ரத்துசெய்.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், உன்னைப்போல் அவசரப்படாமல் வளர என் ஆசி. உன் மனைவிக்கு என் அன்பு, உன்னைச் சகிப்பதற்குத் தனியாக ஒரு பங்கு.

இப்படிக்கு,
உன் அக்காள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் பேத்தி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். வாலில் கம்பி மாதிரி இரண்டு நீண்டிருக்கிறதாம், உழவாரனுக்கு அது கிடையாதாம். படத்தில் இருப்பவன் வேறு ஆள், பூச்சி பிடிக்கக் குறுக்கே வந்தவன், பெயர் தகைவிலானாம். இதையும் வீட்டில் சத்தமாகச் சொல்லித் தொலைத்துவிட்டாள். செயலாளருக்கு விவரம் தெரிவதற்குள் உண்மையான உழவாரனைப் பிடித்தாக வேண்டும். இடுக்குக்குக் கீழே ஒருவர் அசையாமல் நின்றால்தான் கேமரா அந்தத் தூரத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறதாம். உன் மருமகன் மாட்டேன் என்கிறான், ஆபீசில் அவனை விளக்குமாறு என்றே கூப்பிடுகிறார்களாம். பளிச்சென்று மின்னுகிற தலையாக இருந்தால் ரொம்ப நல்லது என்று பேத்தி சொன்னாள், எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது. ஆகையால் டிக்கெட்டை ரத்துசெய்யாதே. பெரியவர்கள் வேண்டாம், நீ மட்டும் வா. தொப்பி கொண்டுவராதே.