விசாரணையில் பின்லாந்து அண்ணை

முதற்பனி கொட்டியபோது குளிரைத் திட்டாத தமிழர், நாங்கள் அகதிகளாக வந்திறங்கிய ஸ்காபரோ நகர் முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவர் பின்லாந்து அண்ணை. அந்த நாட்டுக்கு அவர் போனதே இல்லை. யாழ்ப்பாணத்தில் மலிவு விலை மாத நாவல்கள் எழுதிய காலத்தில் பின்லாந்து மாயக்கதைப் புத்தகம் ஒன்று கையில் அகப்பட்டது. அன்றிலிருந்து அவருடைய கதைகளின் மந்திரவாதிகள் எல்லோரும் பனிச்சறுக்குக் கட்டையில்தான் வந்தார்கள். வேர்த்து வழிய இருபத்தேழு பனி நாவல்கள் எழுதினார்.

தொண்ணூறுகளில் அங்கே மல்வேர்ன் பகுதியில் அண்ணையும் நானும் ஒரே அப்பார்ட்மெண்டில் இருந்தோம். உள்ளூர்த் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் அவர் வாராவாரம் தொடர்கதை எழுதிவந்தார். முதற்பனியன்று கொப்பியுடன் இறங்கிப்போய், பனியைப் பற்றி எழுதியதையெல்லாம் சரிபார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு பிழைதான் தம்பி. பனியை மிதிச்சாச் சத்தம் கேக்குமெண்டு எழுதாம விட்டிட்டன்."

எந்தப் பொருளும் தான் பிறந்த கதையைக் கேட்டால் அடங்கிவிடும் என்பது பின்லாந்துக்காரரின் பழைய நம்பிக்கை. அண்ணையினதும் அதுதான். அறையைச் சூடாக்கும் ஹீற்றர் பழுதாகி நின்றபோது அதன்முன் குந்தியிருந்து, இரும்பு மண்ணுக்குள் பிறந்த கதையை நாற்பது நிமிடம் சொன்னார். நான் கட்டடப் பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். அவர் வந்து திருத்தினார்.

"பாத்தீரே, கதை வேலை செய்யுது," என்றார் அண்ணை.

பிறகு அவருடைய அகதி விசாரணை வந்தது. வென்றால்தான் வவுனியாவில் இருந்த மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். நடந்தவற்றின் திகதிகளை ஒழுங்காக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"அண்ணை, இதை மட்டும் சொல்லுங்கோ. மந்திரவாதி ஒருத்தரும் வரக்கூடாது."

"ஓம், ஓம்."

அண்ணை கேட்டதால் என்னையும் விசாரணை அறைக்குள் இருக்க விட்டார்கள். ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள் என்று கேட்டார் அதிகாரி. அண்ணை கண்ணை மூடினார்.

"இரும்பு மண்ணுக்குள்ள சும்மா கிடந்தது," என்று தொடங்கினார். அதைத் தோண்டியவன், உருக்கியவன், செல் குண்டாக வார்த்தவன், கப்பலில் ஏற்றியவன், கடைசியில் அதை ஏவியவன் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். செல் அவருடைய வீட்டுக் குசினி அடுப்படியில் விழுந்தபோது மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் குடித்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "நான் தந்த திகதி ஒண்டையும் சொல்லேல்லையே அண்ணை?"

"அதெல்லாம் பைலில கிடக்கு. செல் எங்கயிருந்து வந்ததெண்டுதான் அவையளுக்குத் தெரியாது."

வழக்கு வென்றது. மனைவியும் மகளும் வந்திறங்கிய வாரம் அவருடைய தொடர்கதை பத்திரிகையில் வரவில்லை. அதை நான் வாசிப்பதே இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அந்த வாரம் பத்திரிகையை மூன்று தடவை புரட்டிப் பார்த்தேன்.