ஜிஎஸ்டி சாலையைக் கடந்த பூனை

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. டீ ஆறும்வரை பொறுக்காமல் தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம். இப்படிப்பட்டவள் காட்டுப்பூனைகளின் மரபணுவை ஆராயப் போனதே முதல் தப்பு.

தாம்பரத்துக்குத் தெற்கே புதர்க்காடும் ஏரிக்கரையும் துண்டு துண்டாகிவிட்டன. நடுவில் ஜிஎஸ்டி சாலை, ரயில் பாதை, அடுக்குமாடிகள். படப்பைப் பக்கத்துக் காட்டுப்பூனையும் பெரும்பாக்கம் சதுப்பில் திரிகிற பூனையும் இன்னும் சந்தித்துக் குட்டி போடுகின்றனவா, இல்லை ஒவ்வொரு துண்டிலும் சொந்தத்துக்குள்ளேயே இணைந்து தலைமுறைக்குத் தலைமுறை நோஞ்சானாகின்றனவா? இதுதான் என் கேள்வி. முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டு முடிவில் ஆய்வுக்குழுவிடம் உருப்படியாக ஏதாவது காட்ட வேண்டும். இல்லையென்றால் அம்மா வாங்கி வைத்திருந்த பி.எட். படிவத்தை நிரப்ப வேண்டியதுதான்.

பூனையைப் பிடிக்கத் தேவையில்லை, முடி கிடைத்தால் போதும். குப்பைமேனி வேரின் வாடைக்குப் பூனைகள் சொக்கிப்போய் உரசும் (அதற்குப் பூனைவணங்கி என்றே இன்னொரு பெயர் உண்டு). மரக்குச்சிகளில் தேங்காய் நார் சுற்றி, வேரை அரைத்துப் பூசி, ஊரப்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் காயவைத்தேன். காய்ந்ததும் காயாததுமாக அள்ளிக்கொண்டு ஓடி, படப்பை, ஊரப்பாக்கம் ஏரிக்கரை, பெரும்பாக்கம் என மூன்று இடங்களில் நட்டேன். பத்தே நாளில் எல்லாக் குச்சியிலும் முடி!

ஆய்வகத்தில் எனக்கு சீனியரான ரமணி அக்கா படித்துப் படித்துச் சொன்னார். "முதல்ல இது எந்த இனம்னு டெஸ்ட் பண்ணு ஷீபா. அப்புறம் எந்தப் பூனைன்னு பாக்கலாம்."

"காட்டுல கிடைச்ச முடி அக்கா. காட்டுப்பூனை இல்லாம புலியா?"

(அந்த டெஸ்டுக்கு இன்னும் ஒரு வாரம் ஆகும். யாரால் முடியும்?)

முடிவு வந்தது. மூன்று இடத்து முடியும் ஒரே பூனையுடையது! லாரிக்கும் பேருந்துக்கும் டிமிக்கி கொடுத்து, படப்பையிலிருந்து பெரும்பாக்கம் வரை போய்வரும் மகா பூனை! வீட்டுக்கு வந்து குதித்தேன். அம்மா அந்த ஞாயிறே ஆலயத்தில் கடவுளுக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டுதான் வாசித்தார்: "சகோதரி ஷீபாவின் பூனை ஜிஎஸ்டி சாலையைப் பத்திரமாகக் கடந்ததற்காக ஸ்தோத்திரம்."

சபை முழுக்க ஆமென் என்றது.

செவ்வாய்க்கிழமை குழுவின் முன் நின்றேன். தலைவர் நான் எடுத்திருந்த முடிப் படங்களை உற்றுப் பார்த்தார்.

"முடி ஆரஞ்சும் வெள்ளையுமா இருக்கேம்மா. வீட்ல பூனை இருக்கா?"

"இருக்கு சார். ஜூலி."

"குச்சியை எங்க காயவெச்சே?"

"மொட்டைமாடில சார்."

"ஜூலி எங்க தூங்கும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மொட்டைமாடிலதான் சார்."

சிரித்து ஓய்ந்தபின், மனமிரங்கி ஆறு மாதம் கொடுத்தார்கள். இந்த முறை குச்சிகள் ரமணி அக்கா வீட்டில் காய்ந்தன (அங்கே மீன்தொட்டி மட்டும்தான்). எல்லா டெஸ்டுக்கும் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஆராய்ச்சி பிழைத்தது, மானம் பிழைக்கவில்லை. இன்றும் ஜூலி சாப்பாட்டுக்கு வரத் தாமதமானால், "டிராஃபிக்ல மாட்டியிருக்கும்" என்கிறார் அப்பா. ஆலயத்தில் பார்க்கிறவர்களெல்லாம், "பூனை இப்போ எந்தப் பக்கம்?" என்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் நிஜமான காட்டுப்பூனைகளில் சாலையைக் கடந்ததாக எனக்கு இதுவரை ஒன்றுகூடச் சிக்கவில்லை. அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அம்மா இப்போதும் மாதம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார். ஸ்தோத்திரம் அல்ல, பூனைகள் கடக்க வேண்டும் என்ற விண்ணப்பம். போதகர் கண்ணாடியைத் துடைக்காமலே வாசித்துவிடுகிறார்.