தன்லியின் போகிறேன்

எனக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையை நாற்பத்தாறு வயதில் ஒரே ஒரு தடவை செய்து பார்த்தேன்.

யாங்கூனில் தெரிந்தவர் எதிரே வந்தால் "எங்கே போறீங்க?" என்று பர்மிய மொழியில் கேட்பார்கள். அது வணக்கம் மாதிரி. "இங்கதான், பக்கத்துல" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். எனக்கும் இது தெரியும். ஆனால் நான் வேலை செய்யும் கைலிக் கடை கியாக்டடாவில் இருக்கிறது, பஸ்ஸில் நாற்பது நிமிடம். அதை எப்படிப் பக்கம் என்பது? ஆகவே ஏறும் பஸ், இறங்கும் இடம், திரும்பும் நேரம் எல்லாம் ஒப்பிப்பேன். (கேட்டவர் பாதியில் போயிருப்பார். நான் முடித்துவிட்டுத்தான் நகர்வேன்.) எனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது நாற்பத்து மூன்றாவது வயதில். அதுவரை வீட்டில் அதற்குப் பெயர் "அக்கா அப்படித்தான்".

நானும் தம்பி குடும்பமும் இருக்கும் வீட்டின் கீழ்மாடிக்கு டோ சான் என்ற அம்மாள் குடிவந்தார். அவர் மட்டும் முழுவதும் கேட்டார்.

"அப்ப ஆறு மணிக்குத்தான் வருவீங்களா? தம்பி வீட்டுக்காரங்களும் வேலைக்குப் போயிடுவாங்களா?"

வீடு காலியாக இருக்கும் நேரம் இவருக்கு எதற்கு? எனக்கு முகம் பார்த்து ஆளைப் புரிந்துகொள்ள வராது, செருப்பைத்தான் பார்ப்பேன். அவருடையது மெத்தென்ற ரப்பர் செருப்பு, சத்தமே வராது. (போதாதா?)

ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்து, காலையில் அவர் கேட்டதும் சொன்னேன்: "தன்லியின் போறேன். எப்ப வருவேன்னு சொல்ல முடியாது. திடீர்னு வந்துடுவேன்." (தன்லியின் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்.)

அன்று என் பையில் கடைக் கிடங்கின் சாவி இருந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் ஒன்பது மணிக்கு அறுபது கைலி எடுக்க வருகிறார்கள், தாமதமானால் வேறு ஆள் பார்ப்பேன் என்று முதலாளி காதர் பாய் சொல்லியிருந்தார்.

"நல்லதாப் போச்சு. என் மக அங்கதான் இருக்கா. மாசமா இருக்கா, என் கை பலாச்சாங் வேணும்னு அழுறா" என்று டோ சான் உள்ளே ஓடினார். காய்ந்த இறாலும் பூண்டும் வறுத்துச் செய்த பலாச்சாங் ஒரு பாட்டில் என் கைக்கு வந்தது. நான் ஒத்திகை பார்த்தது ஒரு வரிதான், அடுத்த வரி இல்லை. அவரே கூட வந்து தன்லியின் பஸ்ஸில் ஏற்றினார். டிரைவரிடம் மகள் வீட்டு வாசலில் இறக்கிவிடச் சொன்னார். மகளுக்கு போன் செய்து "கிளம்பிட்டாங்க" என்றார். என்னை ஊரைவிட்டு அனுப்பிவிட்டுத்தான் பூட்டில் கை வைப்பார் என்று நினைத்தேன்.

பாட்டில் மீதும் சந்தேகம் வந்தது. உள்ளே வேறு ஏதாவது இருந்தால்? திறந்து பார்த்தேன். பலாச்சாங்தான். மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது.

போன் அடித்தது.

"எங்கம்மா இருக்க? கல்யாண வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க."

"பாலத்து மேல, பாய்."

"எந்தப் பாலம்?"

"தன்லியின் பாலம்."

"அங்க உனக்கு என்ன வேலை?"

"ஒரு பொய் சொல்லிட்டேன் பாய். அதுக்காகப் போறேன்."

பாய் போனை வைத்துவிட்டார். நடுவில் இறங்கியிருக்கலாமே என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். டோ சான் மகளுடைய பாட்டில் என் கையில் இருந்ததே?

தன்லியினில் அந்த மகள் கம்பிக் கதவைத் திறக்காமல் அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். "ஒருத்தங்க வந்திருக்காங்க, என் காலையே பாக்குறாங்க. இவங்கதானா?"

"அவங்கதான், வாங்கிக்கோ."

"பாட்டில் திறந்திருக்கே."

"நான்தான் திறந்தேன்" என்றேன்.

"எதுக்கு?"

"சந்தேகமா இருந்தது."

அவளும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.

கடைக்கு வந்தபோது பன்னிரண்டு மணி. உடைத்த பூட்டு மேசைமேல் கிடந்தது, கைலிகள் போயிருந்தன. சாவியைப் பூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வேற ஆள் பாத்துட்டீங்களா பாய்?"

"லேட்டா வந்தா எல்லாரும் காய்ச்சல்ங்கிறாங்க, வயித்துவலிங்கிறாங்க. பொய் சொன்னேன்னு சொல்லி லேட்டா வந்தவ நீ ஒருத்திதான். உன்னை அனுப்பிட்டு யார்கிட்ட சாவி குடுக்க?" என்றார். புதுப் பூட்டு வாங்கி, ஒரு சாவியை என்னிடம் தந்தார். இன்னொன்றைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டார்.

வீட்டில் ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை. ஆனால் அடுத்த மாதம் டோ சான் மறுபடி பாட்டிலோடு வந்தார். தன்லியினில் எனக்கு உறவுக்காரர்கள் இருப்பதாக முடிவே செய்திருந்தார். இல்லை என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டுகிறேன்.

அந்த நாளில் யாராவது என்னைக் கேட்டு வந்தால் தம்பி சொல்வான்: "அக்காவா? பொய்யைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரப் போயிருக்கா."