தண்ணியில் பழக்கம்

மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதை இருக்கிறதே, அதைப் போல மனிதனை ஓரங்கட்டும் விஷயம் வேறு கிடையாது. ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி. பந்தியில் முதல் இலை. தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் போனால்கூட "ஐயோ, நீங்க ஏன் வாரீங்க, கேட்டா தர மாட்டோமா!" என்று பதறுவார்கள். வீடே உள்ளே கூடி எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கும். நாம் முன்னறையில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். (மாதா படம் போட்ட காலண்டர். அந்த வருஷத்துத் திருநாட்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.)

என் மாமனார் சேவியர், தூத்துக்குடியில் தோணித் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டல் என்றால் சரக்குத் தோணியின் கேப்டன். வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு வரை போய் வந்தவர். அவர் "ஏலே!" என்று ஒரு சத்தம் போட்டால் மைத்துனன் முதல் தெருநாய் வரை நிமிர்ந்து நிற்கும். என்னிடம் மட்டும் இரண்டே வசனம். "வாங்க மாப்ள." "சாப்பிட்டீங்களா மாப்ள?" சாத்தான்குளத்தில் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா, நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அதனால்தானோ என்னவோ, இந்த மனுஷன் என்னையும் ஒரு தடவை வீட்டுப்பிள்ளையாக நினைத்து அதட்டிவிட மாட்டாரா என்று ஏக்கமாக இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அதற்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

பெண் கேட்டுப் போன அன்றைக்கு அவருக்கு என்மேல் ரொம்ப நல்ல அபிப்பிராயம். எங்களுடையது காதல் கல்யாணம். ஜெனிட்டா என்னோடு கல்லூரியில் படித்தவள். அப்பாவைச் சமாளிக்க வேண்டியது என் பொறுப்பு என்று சொல்லி என்னைத் தனியாக உட்காரவைத்துவிட்டாள். நண்பன் ஒருவன் முன்கூட்டியே ஓதியிருந்தான்: "குடிக்கவே மாட்டேன்னு சொல்லாத, நம்ப மாட்டாங்க. அளவோடன்னு சொல்லு." (அவனுக்கு அன்றைக்கும் கல்யாணம் ஆகவில்லை, இன்றைக்கும் ஆகவில்லை.)

சேவியர் மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்குத் தண்ணியில பழக்கம் உண்டுமா?"

"உண்டு மாமா. ஆனா அளவோடதான்."

"எப்படி, தாங்குவீங்களா?"

"நாலு பேரு கவுந்தாலும் நான் நிதானமா இருப்பேன் மாமா. அவங்களையும் தூக்கிட்டுப் போய் வீட்ல சேத்துருவேன்."

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எவ்வளவு முற்போக்கான குடும்பம் என்று நான் பூரித்துப்போனேன்.

கல்யாணம் முடிந்து நாங்கள் பெங்களூரில் குடியேறிய பிறகு ஒரு தடவை மாமா வந்திருந்தார். ரப்பர் படகில் பாறைகளுக்கு நடுவே குதித்துப் போகும் ஆறு ஒன்று கர்நாடக மலைப்பக்கம் இருக்கிறது என்று ஜெனிட்டா எங்களைக் கிளப்பிக்கொண்டு போனாள். (ஆற்றின் பெயரைச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நடந்ததில் அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.) தண்ணீர் என்றால் எனக்கு வாளியில் இருப்பதுதான் பழக்கம். ஆனாலும் மாமாவோடு ஒரே படகில் ஒரு மணி நேரம்! காலண்டர் இல்லாத இடம்! சரி என்றேன்.

போய்ப் பார்த்தால் ஆற்றில் பாறைகள் மட்டும்தான் இருந்தன. மஞ்சுநாத் என்ற படகோட்டி ஓசூரில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழில் கதை சொன்னார்.

"முன்னாடி இதுல மரம் மட்டும்தான் போகும் சார். காட்டுல வெட்டி, ஆத்துல தள்ளிவிடுவாங்க. எங்க தாத்தா நீளக் கழி வெச்சு அதைக் கரைக்கு இழுக்கிற வேலை. அப்புறம் கரண்டுக்கு அணை கட்டினாங்க. ஆறு நின்னுபோச்சு, வேலையும் போச்சு. வருஷக்கணக்கா இந்தப் பக்கம் யாரும் வரலை. அப்புறம் யாரோ வெளியூர்க்காரங்க ரப்பர் படகு கொண்டுவந்தாங்க. கரண்ட் எடுக்கத் தண்ணி விட்டா ஆறு ஓடும், நாங்களும் படகு விடுவோம். தாத்தாவுக்கு மரம், எனக்கு உங்களைப் போல ஆளுங்க."

"அப்ப ஆத்துக்கு ஷிஃப்ட் டூட்டியா?" என்றார் மாமா. "எங்க பக்கம் தாமிரபரணி ஆத்தூரத் தாண்டி வரும்போது அலுத்துச் சலிச்சு, வீட்டுக்குப் போற மாதிரி கடலுக்குள்ள போவும். யாரும் தொறந்துவிட வேண்டாம்."

சொல்லி வாய் மூடவில்லை, மேலே எங்கோ இரைச்சல் கேட்டது. கண்ணெதிரே பாறைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நான் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இன்னொரு தடவை இழுத்துக் கட்டினேன்.

"முன்னாடி உட்கார நல்லா நீச்சல் தெரிஞ்ச ஆள் யார் சார்?" என்றார் மஞ்சுநாத்.

மாமா என் தோளில் கைவைத்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் இரண்டாவது தடவை. "எங்க மாப்ள இருக்காருல்லா! நாலு பேரு கவுந்தாலும் தூக்கிட்டு வந்துருவாரு. அவரே சொன்னது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கேட்டது கடலில் இருக்கும் தண்ணி. நான் சொன்னது கிளாஸில் இருக்கும் தண்ணி. அந்த நொடியே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கை இன்னும் என் தோளில் இருந்தது. எடுத்துவிடுவாரே என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு இறக்கங்களில் படகு தப்பித்தது. மூன்றாவதில் படகு தப்பித்தது, நான் தப்பவில்லை. துடுப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். லைஃப் ஜாக்கெட் என்னை மேலே தூக்கியது, ஆறு கீழே தள்ளியது. சாகப்போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்ததும் உண்மை தானாக வெளியே வந்தது.

"மாமா! நான் சொன்னது பிராந்தி மாமா! பிராந்தி!"

"அதெல்லாம் ரிசார்ட்ல கிடைக்கும் சார்! காலை மேல தூக்குங்க!" என்று கத்தினார் மஞ்சுநாத்.

மாமாவின் குரல் ஆற்று இரைச்சலுக்கு மேலே கேட்டது. "ஏலே! கூறுகெட்ட பயலே! வாய மூடிட்டுத் துடுப்பப் புடில!"

அவர் நீட்டிய துடுப்பைப் பிடித்தேன். ஜாக்கெட்டின் தோள்பட்டையைக் கொத்தாகப் பற்றி, மீனைத் தூக்கிப் போடுவதுபோல என்னைப் படகுக்குள் போட்டார்.

கரை சேர்ந்ததும் தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் தலையை அழுத்தித் துவட்டினார். வலித்தது. "நீச்சல் தெரியாதவன் ஏம்ல முன்னால போய் உக்காந்த? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா எம்புள்ளைக்கு என்ன பதில் சொல்லுவேன்? தெரியாதுன்னு சொல்லியிருந்தா பொண்ணு குடுக்காமலா போயிருப்பேன்?" துவட்டிய இடத்தையே மறுபடியும் துவட்டினார். எத்தனையோ புயலைப் பார்த்த மனுஷன் எனக்காகப் பதறுகிறார் என்று நினைத்ததும் நான் அழுதுவிட்டேன். ஆற்றுத் தண்ணீர்தான் வழிகிறது என்று ஜெனிட்டாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. தவிர, அவள் பிராந்திக்குச் சிரிப்பதை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்குக் கொழுந்தியாளின் புது மாப்பிள்ளை வந்திருந்தார். ஃபேனுக்குக் கீழே நாற்காலி, முதல் இலை, எல்லாம் அவருக்கு. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, மசமசன்னு நிக்காத. போய் ஐஸ் வாங்கிட்டு வா" என்று மாமா உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

நான் முன்னறைக்கு வந்ததும் புது மாப்பிள்ளை அதிர்ந்துபோய் என் காதருகே குனிந்தார். "என்னண்ணே, உங்கள இப்படிப் பேசுதாரு?"

உள்ளே ஜெனிட்டா ஆற்றுக் கதையை ஆரம்பித்தாள். கதையில் பிராந்தி வருவதற்குள் வீடே சிரிக்கத் தொடங்கிவிட்டது. நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அந்தப் பையன் காலண்டரைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். பாவம், அவனுக்கு நீச்சல் நன்றாகத் தெரியுமாம்.