பச்சைக்கல்லார்

வந்த விருந்தாளியை உட்காரவைத்துப் பேசுகிறவர்கள் ஓர் இனம். உட்கார்ந்தவரை எழுப்பி, கையைப் பிடித்து, இருட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டாம் இனத்துக்கு அசல் மாதிரி எங்கள் மாடிவீட்டுக்காரர். கனிமக் கற்கள் சேகரிப்பவர். தெருவே அவருக்கு வைத்த பெயர் பச்சைக்கல்லார்.

அவர் வீட்டுக் குழாய் ஒழுகி உங்கள் கூரையில் சொட்டுகிறது என்று சொல்லத்தான் நீங்கள் போயிருப்பீர்கள். வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் திரை இறங்கும், விளக்கு அணையும், கண்ணாடி அலமாரி திறக்கும், புற ஊதா டார்ச் எரியும். அதுவரை காய்ந்த பாசி மாதிரி கிடந்த ஆட்டுனைட் என்கிற யுரேனியக் கல் பச்சையாய்ப் பளீரென்று ஒளிரும். கூடவே உங்கள் வெள்ளைச் சட்டையும் பல்லும் ஒளிரும். நீங்கள் வியக்க வேண்டும். ஒரு 'அடேயப்பா' போதாது.

"கதிரியக்கம் இருக்குமே சார்?" என்று வாயைக் கொடுத்தீர்களோ, தொலைந்தீர்கள்.

"வாழைப்பழத்துலகூடத்தான் இருக்கு!" என்பார். உடனே கதிர்வீச்சு அளக்கும் கருவி வரும். கல்லிடம் நீட்டினால் எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி படபடக்கும். உங்களிடம் நீட்டினால் அடங்கிவிடும். "பாத்தீங்களா, உங்ககிட்ட ஒண்ணுமே இல்ல" என்பார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று யோசித்துக்கொண்டே நீங்கள் இறங்கி வருவீர்கள். குழாயா? அது பாட்டுக்கு ஒழுகும்.

"என்னை ஒரு நாளாவது இப்படி உத்துப் பாத்திருப்பாரா?" என்று அவர் மனைவி கேட்டால், டார்ச்சுக்கு பேட்டரி மாற்றப் போய்விடுவார்.

ஆனால் மகளிடம் அவர் பாச்சா பலிக்கவில்லை. அவள் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. எது கிடைத்தாலும் வாயில் போடுகிறது. கல்லோ காய்ந்து ஏடு ஏடாக உதிர்கிற ஜாதி. "அப்பா, அந்தத் தூள் வீட்டுல இருக்கிறவரைக்கும் பாப்பாவைக் கூட்டிட்டு வரமாட்டேன். கல்லா, பேத்தியா? நீங்களே முடிவு பண்ணுங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

பேத்தியை அவர் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் தூக்கியதோடு சரி. மனிதர் ஆடிப்போனார். கல் பால்கனிக்குப் போயிற்று. பிறகு கார் டிக்கிக்குப் போயிற்று. "அந்தக் கார்லதானே எங்களைக் கூப்பிட வருவீங்க?" என்றாள் மகள். அவர் பெற்ற பெண்ணல்லவா!

கடைசியில் கல்லூரிக் காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுவதென்று முடிவாயிற்று. பேராசிரியர் ஈயப் பெட்டியோடு வந்தார். பச்சைக்கல்லார் கடைசித் தடவையாக விளக்கை அணைத்தார்.

"அடடா! இன்னொரு தடவை காட்டுங்க சார்" என்றார் பேராசிரியர்.

வாழ்நாளில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை! நம்மவர் பூரித்துப்போனார். பூரிப்பு அடங்குவதற்குள் பேராசிரியர் தன் பையைத் திறந்தார். "இப்ப என்னோடதைப் பாருங்க. இது செம்மஞ்சளா ஒளிரும்." அப்புறம் இன்னொரு கல். அப்புறம் அது கிடைத்த மலை, ஏறின பாதை, வழுக்கி விழுந்த இடம், விழுந்தபோது கூட இருந்தவர்களின் குணநலன். பச்சைக்கல்லார் முதன்முறையாக இருட்டில் கடிகாரத்தைத் தேடினார்.

"தப்பா நினைக்காதீங்க சார், நீங்க கிளம்பினாத்தான் எம்பொண்ணு வருவா..."

கல் போயிற்று. அலமாரியையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்து, கருவியை மூலை முடுக்கெல்லாம் நீட்டி, அது வாயை மூடிக்கொண்ட பிறகுதான் பேத்தி வந்தாள். தாத்தா மடியில் ஏறியவள் அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிச் சப்பினாள். அவர் அழுதுவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கண் கலங்கியது.

இப்போது யாரையும் அவர் இருட்டுக்குள் இழுப்பதில்லை. போனை நீட்டுகிறார். பேத்தி கொட்டாவி விடுகிறாள், பேத்தி தும்முகிறாள், பேத்தி தும்மலாமா என்று யோசிக்கிறாள்.

சிரிக்கிறீர்கள். சரி, போன வாரம் உங்கள் வீட்டு வாசலில் நீங்கள் படத்துக்கு மேல் படமாகத் தள்ளத் தள்ள, 'அருமை, அருமை' என்று சொல்லிக்கொண்டே நண்பர் ஒருவர் காலால் செருப்பைத் துழாவினாரே, கவனித்தீர்களா?

கவனித்திருக்க மாட்டீர்கள். இந்த இனத்தை அப்படித்தான் கண்டுபிடிக்கிறோம்.